‘ஓடாதே’ என்று எந்த டொக்டர் சொன்னார்?

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகனுக்கு 14 வயது. பிறக்கும்போதே இதயத்தில் டெட்ராலஜி ஒஃப் ஃபாலோ என்ற குறைபாடு இருந்தது. 2 வயதில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பிறகு பெரிய தொல்லை எதுவும் இல்லை. வருடம் ஒருமுறை கிளினிக் போய் வருகிறார்கள். பாடசாலையில் இப்போது இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிட்டது. மகனுக்கு மரதன் ஓட்டத்தில் சேர ஆசை. விளையாட்டு ஆசிரியர் மருத்துவக் கடிதம் இல்லாமல் மைதானத்தில் இறங்கவே விடமாட்டேன் என்கிறார். வீட்டில் அம்மம்மா, “நெஞ்சைத் திறந்து தைத்த பிள்ளையை ஓட விடப் போகிறீர்களா?” என்று அழுகிறார். என்ன செய்வது?

நான் கொழும்பில் இதய நோயாளர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்வியை வெவ்வேறு பெற்றோர் வாயிலாக நூறு தடவையாவது கேட்டிருப்பேன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஓடலாம், ஓடவும் வேண்டும். ஆனால் மரதனில் தொடங்கக் கூடாது. அதற்கு முன் சில பரிசோதனைகள் தேவை. விளக்கம் நீளமானது, பொறுமையாக வாசியுங்கள்.

வாசிப்பதற்கு முன் ஒரு வேலை. மகனின் கிளினிக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். ‘இந்தப் பிள்ளை ஓடக் கூடாது, விளையாடக் கூடாது’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா? என்னிடம் வரும் குடும்பங்களிடம் இதைத்தான் முதலில் கேட்பேன். பலருடைய கொப்பியில் அப்படி ஒரு வரி இருக்காது. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தாதி சொன்னது நினைவிருக்கும்: கக்கத்தில் கைகொடுத்துப் பிள்ளையைத் தூக்காதீர்கள், நெஞ்சில் அடிபடாமல் பாருங்கள், ஆறு எட்டு வாரங்களுக்குக் கவனம். வெட்டிய நெஞ்செலும்பு பொருந்துவதற்கான காலம் அது. அந்த எட்டு வாரம் உங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாக நீண்டுவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. பயம் சொன்னதை டொக்டர் சொன்னதாக எல்லோரும் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

அம்மம்மாவின் பயத்தை நான் குறைவாக எடைபோட மாட்டேன். அவருடைய காலத்தில் உதடும் நகமும் நீலம் பாய்ந்த குழந்தை என்றால் பிழைக்காது என்பதுதான் ஊருக்குத் தெரிந்த உண்மை. உலகத்திலேயே இந்தக் குழந்தைகளுக்கான முதல் வழி 1944இல்தான் திறந்தது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹெலன் டௌசிக் என்ற குழந்தை இதய வைத்தியரும், அல்ஃபிரட் பிளேலொக் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும், விவியன் தோமஸ் என்ற ஆய்வுகூட உதவியாளரும் சேர்ந்து நுரையீரலுக்குக் கூடுதல் குருதி போக ஒரு மாற்றுப்பாதை அமைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1954இல், வோல்ட்டன் லில்லிஹை இதயத்தைத் திறந்து இந்தக் குறைபாட்டை முழுமையாகச் சரிசெய்தார். அப்போது இதய நுரையீரல் இயந்திரம் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. பெரியவர் ஒருவரின் குருதியோட்டத்தோடு குழந்தையின் குருதியோட்டத்தை இணைத்து, அந்தப் பெரியவரின் இதயத்தையும் நுரையீரலையும் இயந்திரமாகப் பயன்படுத்தினார்கள். இவ்வளவு அண்மைக்காலக் கதை இது. அப்படிப் பிழைத்த பிள்ளைகளை டொக்டர்மாரும் அந்த நாளில் பொத்திப் பொத்தித்தான் வைத்தார்கள். பிறகு அவர்கள் வளர்ந்து நாற்பது ஐம்பது வயதைத் தொட்ட பின்னர்தான் இவ்வளவு பொத்திவைக்கத் தேவையில்லை என்பது தெரியவந்தது. 2013இல் அமெரிக்க இதயச் சங்கம், பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்களை உடலுழைப்புக்கு ஊக்கப்படுத்துங்கள், காரணமில்லாமல் தடுக்காதீர்கள் என்று தனி அறிக்கையாகவே வெளியிட்டது. 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல்களும் இதே திசையில்தான் இருக்கின்றன.

இனி உங்கள் மகனின் இதயத்துக்கு வருவோம். இந்தக் குறைபாட்டில் நான்கு கோளாறுகள் ஒன்றாக வரும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியில் ஒடுக்கம். அந்த ஓட்டைக்கு மேலே இடம்மாறி நிற்கும் பெருநாடி, அதாவது உடலுக்குக் குருதி கொண்டுபோகும் பெரிய குழாய். இவற்றால் தடித்துப்போன வலது கீழறை. சத்திரசிகிச்சையில் ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடுகிறார்கள், ஒடுக்கத்தை வெட்டி அகலப்படுத்துகிறார்கள். அகலப்படுத்தும்போது நுரையீரல் நாடியின் வால்வு பல பிள்ளைகளில் முழுமையாக மூடாமல் போய்விடும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் குருதி பின்னோக்கிக் கசியும். சிறு வயதில் அது பெரிதாகத் தெரியாது. வருடங்கள் போகப் போக வலது கீழறை மெல்ல விரியலாம். சிலருக்குப் பதின்ம வயதிலோ அதற்குப் பிறகோ புது வால்வு தேவைப்படும். இதயத்துடிப்பின் ஒழுங்கும் சிலருக்குக் குலையலாம். அதனால்தான் ‘ஒப்பரேஷன் முடிந்தது, நோய் போய்விட்டது’ என்று கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. ‘ஒப்பரேஷன் செய்த இதயம், ஓடினால் தையல் விட்டுவிடும்’ என்ற பயத்துக்கும் இடமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வைத்த ஒட்டின் மேல் இதயத்தின் சொந்தத் திசு எப்போதோ படர்ந்துவிட்டது.

பிள்ளை ஓட முயன்றபோது விரைவில் களைத்துப்போகிறான், அதுவே இதயம் தாங்காது என்பதற்கு அடையாளம் என்று பல தாய்மார் சொல்வார்கள். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஐந்து வயதிலிருந்து விளையாடாமல் வளர்ந்த எந்தப் பிள்ளையும் விரைவில் களைப்பான். தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் வலுவில்லாமல் இருக்கும். தசை ஒட்சிசனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் குறைந்திருக்கும். அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து நாம் அவனை உட்காரவைக்கிறோம். உட்கார்ந்ததால் தசை மேலும் மெலிகிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் களைக்கிறான். நாங்கள் நினைத்தது சரிதான் என்று வீட்டில் முடிவெடுத்துவிடுகிறார்கள். பந்தைப் பிடிக்கவும் எறியவும் தெரியாத இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். அவர்களில் அநேகருக்கு இதயம் அதற்குத் தடையாக இருந்ததில்லை. பழகுவதற்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

உட்காரவைப்பது பாதுகாப்பானது என்ற நினைப்பையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். கொழும்பில் ஒரு 14 வயதுப் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது? பாடசாலை, வான், டியூஷன், வீட்டுப்பாடம், தொலைபேசி. இடையில் கடையில் ஒரு ரோல்ஸ், ஒரு சோடா, இரவில் கொத்து. தெற்காசியர்களான நமக்கு நீரிழிவும் மாரடைப்பும் மற்ற இனத்தவரை விட இளவயதிலேயே வருகின்றன என்பது நன்றாக அறியப்பட்ட விடயம். பிறவியிலேயே ஒரு குறையோடு வந்த இதயத்துக்கு, முப்பது வயதில் உயர் குருதியமுக்கத்தையும் சீனி வருத்தத்தையும் கூடுதல் சுமையாக ஏற்றிவைப்பது என்ன நியாயம்? உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்புச் சொல்கிறது. பிறவி இதயக் குறைபாடு உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கும் அந்த இலக்குத்தான் பொருந்தும்; எந்த அளவு கடுமையில் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

அந்த அளவை எப்படித் தீர்மானிப்பது? நோயின் பெயரை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. ஒரே பெயருள்ள நோயோடு வரும் இரண்டு பிள்ளைகளின் நிலை முற்றிலும் வேறாக இருக்கும். இதய நிபுணர் ஐந்து விடயங்களைப் பார்ப்பார்: கீழறைகள் எவ்வளவு வலுவாகச் சுருங்குகின்றன, நுரையீரல் நாடியில் அமுக்கம் எவ்வளவு, பெருநாடி வீங்கியிருக்கிறதா, துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, ஓய்விலும் உழைக்கும்போதும் குருதியில் ஒட்சிசன் அளவு என்ன. இதற்கு எக்கோ என்ற இதய ஸ்கேனும், துடிப்பின் மின்பதிவான ஈசிஜியும் அடிப்படை. தேவைப்பட்டால் 24 மணிநேரத் துடிப்புப் பதிவும், இதய எம்ஆர்ஐயும் எடுப்பார்கள். இவற்றோடு ஒரு உடற்பயிற்சிப் பரிசோதனையை நான் மிகவும் வற்புறுத்துவேன்: டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்துத் துடிப்பு, அமுக்கம், ஒட்சிசன் மூன்றையும் பார்ப்பது. படுத்திருக்கும் பிள்ளையின் எக்கோ மட்டும் பார்த்து, அவன் ஓடும்போது என்ன நடக்கும் என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அதைவிட, தன் மகன் பத்து நிமிடம் ஓடி வியர்த்து, டொக்டர் சிரித்துக்கொண்டே “போதும், இறங்கு” என்று சொல்வதைக் கண்ணால் பார்த்த தாய்க்கு வரும் நிம்மதியை எந்த மருந்தாலும் கொடுக்க முடியாது. நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எந்த வகை உடற்பயிற்சி என்பதும் முக்கியம். நடை, ஓட்டம், நீச்சல், சைக்கிள், பூப்பந்து போன்றவற்றில் தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிகின்றன. குருதி இலகுவாக ஓடுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குவது, கயிறிழுத்தல், தண்டால் போன்றவற்றில் தசை இறுகியே நிற்கும். குருதியமுக்கம் சட்டென்று ஏறும். பெருநாடி விரிந்தவர்களுக்கும், பெருநாடி வால்வு ஒடுங்கியவர்களுக்கும் இந்த இரண்டாவது வகையில்தான் ஆபத்து அதிகம். பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் ஜிம்முக்குப் போக ஆசைப்படுவார்கள். முற்றாகத் தடுக்க வேண்டியதில்லை. குறைந்த பாரம், கூடுதல் தடவை, தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும் என்று பழக்கினால் பலருக்கு நல்லதே நடக்கும்.

இங்கே ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரே ஒரு கீழறைதான் ஒழுங்காக இயங்கும். உடலிலிருந்து திரும்பும் குருதி, இடையில் பம்ப் எதுவும் இல்லாமல் நேரே நுரையீரலுக்குப் போகும்படி ஃபொன்டான் என்ற சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குக் கால் தசைதான் பாதிப் பம்ப். கால் தசை சுருங்கும்போது குருதி மேலே தள்ளப்படுகிறது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு அதை உறிஞ்சுகிறது. அவள் வெள்ளவத்தையில் பரதநாட்டிய வகுப்புக்குப் போக விரும்பினாள், வீட்டில் விடவில்லை. நிபுணரின் அனுமதியோடு, ஆசிரியையிடம் நானே நேரில் போய்ப் பேசினேன். அடவுகளை மெதுவான காலத்தில் மட்டும் செய்வது, அரைமண்டியில் நீண்ட நேரம் நிற்கவைக்காமல் இருப்பது, களைத்தால் கேட்காமலே உட்காரும் உரிமை. இரண்டு வருடத்தில் அவளுடைய கால்கள் நன்றாக வலுத்தன, மாடிப்படி ஏறும்போது முன்பிருந்த களைப்பு குறைந்தது. இரண்டு மணிநேர அரங்கேற்றம் அவளுக்குச் சரிவராது, அது அவளுக்கும் தெரியும். குழு நடனத்தில் நடுவரிசையில் ஆடுகிறாள்.

மற்றக் குறைபாடுகள் பற்றியும் ஓரிரு வார்த்தை, இதை வாசிக்கும் வேறு பெற்றோருக்காக. சிறிய ஓட்டை மூடப்பட்டு, நுரையீரல் அமுக்கம் சாதாரணமாக, துடிப்பு ஒழுங்காக இருந்தால் அநேகமாக எந்தத் தடையும் இல்லை. பெருநாடி ஒடுக்கம் சரிசெய்யப்பட்டவர்களுக்கு ஓடும்போது குருதியமுக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த பிறகே போட்டி விளையாட்டு. குருதி உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் ரக்பி, குத்துச்சண்டை, கராத்தே மோதல் பக்கம் போகக் கூடாது. துடிப்பை ஒழுங்குபடுத்தும் பேஸ்மேக்கர் கருவி உள்ளவர்களும் நெஞ்சில் அடிபடும் விளையாட்டைத் தவிர்க்க வேண்டும். நுரையீரல் நாடியில் கடும் அமுக்கம் உள்ளவர்கள், இன்னும் நீலம் பாய்ந்திருப்பவர்கள், இதயத் தசைக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடி பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பியவர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கும் இங்கே எழுதியதை வைத்து எதையும் தொடங்க வேண்டாம். நிபுணர் அளந்து கொடுப்பதை மட்டும் செய்யுங்கள்.

ஷோன் வைட் என்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் உங்கள் மகனுக்கு இருந்த அதே குறைபாட்டோடு பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே திறந்த இதய சத்திரசிகிச்சை நடந்தது. 2006, 2010, 2018 ஆகிய மூன்று குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றார். மகனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான். ஆனால் அவரை அளவுகோலாக வைக்காதீர்கள். அவருடைய வால்வு வேறு, உங்கள் மகனின் வால்வு வேறு.

பரிசோதனைகள் நன்றாக வந்தால் எப்படித் தொடங்குவது? உங்கள் வீட்டுக்கு அருகே காலிமுகத்திடல் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு போங்கள். கொழும்பின் வெயிலும் புழுக்கமும் சாதாரணப் பிள்ளையையே வாட்டும், மார்ச் ஏப்ரலில் பகல் நேரம் வேண்டவே வேண்டாம். முதல் வாரம் 10 நிமிட வேக நடை. அடுத்தடுத்த வாரங்களில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். அரை மணிநேரம் இலகுவாக நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை என்று கலக்கலாம். கடிகாரம் காட்டும் துடிப்பை நம்ப வேண்டாம். சத்திரசிகிச்சை செய்த சில இதயங்கள் ஓடும்போது மற்றவர்களைப் போல வேகமாகத் துடிப்பதில்லை; உச்சத் துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இவர்களுக்குச் சரிவராது. நான் கொடுக்கும் அளவுகோல் எளியது: ஓடும்போது உங்களோடு இரண்டு வசனம் பேச முடிய வேண்டும், ஆனால் ஒரு தேவாரத்தை இழுத்துப் பாட முடியாமல் இருக்க வேண்டும். பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். ஓடி முடித்ததும் திடீரென்று நிற்க விடாதீர்கள். ஓடும்போது கால்களில் நிறையக் குருதி இறங்கியிருக்கும். ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் அது திரும்பி ஏறும், சட்டென்று நின்றால் தலை சுற்றும்.

நிறுத்த வேண்டிய அடையாளங்களை அவனுக்கும் ஆசிரியருக்கும் சொல்லிவையுங்கள். நெஞ்சு வலி, மின்விளக்குப் போட்டதுபோல் திடீரென்று தொடங்கும் படபடப்பு, தலைச்சுற்று, உதடு நீலமாவது, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சு. ஓடிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுவது எல்லாவற்றிலும் பாரதூரமானது. காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்குவது அநேகமாக வேறு காரணத்தால்தான். ஆனாலும் இந்தப் பிள்ளைகளில் எந்த மயக்கத்தையும் அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விழுந்த பிள்ளை கூப்பிட்டால் எழும்பாமல், மூச்சும் சரியாக இல்லாமல் இருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். மைதானத்தில் இருக்கும் ஒரு ஆசிரியராவது நெஞ்சழுத்தப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று அதிபரிடம் கேளுங்கள். அது உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, அங்கே ஓடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவையானது.

காய்ச்சல் நாட்களில் பயிற்சி இல்லை. கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கையும் நினைக்க வேண்டும். இதய நோயுள்ள பிள்ளைகளில் சிலர் தினமும் அஸ்பிரின் எடுப்பார்கள்; டெங்கில் அது குருதிக் கசிவைக் கூட்டும். முதல் நாளே, என்னென்ன மருந்து எடுக்கிறான் என்பதை டொக்டரிடம் சொல்லி, தொடர்வதா நிறுத்துவதா என்று கேளுங்கள். காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டும்.

பாடசாலைக் கடிதத்துக்கு வருகிறேன். ஒரு பெற்றோர் கொண்டுவந்த கடிதத்தில் ‘இதய நோயாளி, விளையாட்டிலிருந்து விலக்களிக்கவும்’ என்று ஒரே வரி இருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டி ஆறு வருடம் அந்தப் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்தார்கள். ஆசிரியரைக் குறைசொல்ல மாட்டேன். பயந்த மனிதருக்குத் தெளிவில்லாத கடிதம் கொடுத்தால் அவர் வேறு என்ன செய்வார்? நிபுணரிடம் விபரமாக எழுதித் தரும்படி கேளுங்கள்: எந்த விளையாட்டில் சேரலாம், எதில் சேரக் கூடாது, தன் வேகத்தில் ஓடவும் விரும்பியபோது நிற்கவும் அனுமதிக்க வேண்டும், எந்த அடையாளம் கண்டால் யாரை அழைப்பது, அடுத்த மறுபரிசீலனை எப்போது. முடிந்தால் கடிதத்தோடு நீங்களே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

அடுத்த கிளினிக்கில் இன்னொன்றும் செய்து பாருங்கள். டொக்டர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்; மகன் சொல்லட்டும். 14 வயதில் தன் நோயின் பெயர், செய்த சத்திரசிகிச்சை, எடுக்கும் மருந்து மூன்றையும் அவன் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிறுவர் கிளினிக்கிலிருந்து பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறும் காலத்தில்தான் பலர் காணாமல் போகிறார்கள்; பத்து வருடம் கழித்து, வலது கீழறை விரிந்து, மூச்சு வாங்கிய பிறகு திரும்பி வருகிறார்கள். தன் இதயத்தைப் பற்றித் தெரிந்த பிள்ளை அப்படித் தொலைவது குறைவு. பல் சுத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: சொத்தைப் பல்லிலிருந்து கிருமி குருதிக்குள் போய் இதயத்தில் தங்கும் அபாயம் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

மரதன் இந்த வருடம் வேண்டாம். அதில் தூரத்தைவிடப் போட்டிதான் எனக்குக் கவலை. வீதியோரம் நண்பர்கள் பெயர் சொல்லிக் கத்தும்போது ஒரு பதினான்கு வயதுப் பையன் களைப்பைச் சொல்லி நிற்கமாட்டான். ஒரு வருடம் பயிற்சி எடுத்து, தன் உடலின் சொல்லைக் கேட்கப் பழகி, பரிசோதனையும் நன்றாக இருந்தால் அடுத்த வருடம் நிபுணரிடம் கேட்கலாம். அதுவரை மரத்தடியில் உட்கார வேண்டியதில்லை. இல்லத்தின் அணிநடையில் கொடி பிடித்து முன்னால் நடக்கட்டும். காலிமுகத்திடலுக்குப் போகும் முதல் நாள் அம்மம்மாவையும் கூட்டிப்போங்கள். நடந்து முடித்ததும் அவன் அருகில் வந்து உட்காரட்டும். மூச்சு வாங்கும், சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். அதை அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.